மார்பை அளந்தாச்சு, மனசை அளந்தாச்சா?

சென்ற இதழில் மோர்மிளகாய் பக்குவம் எழுதியதற்கு நிறையக் கடிதங்கள். ஒரு சகோதரி, "உப்பு கூடிப்போச்சு, வீட்டுக்காரர் கோபித்துக்கொண்டார்" என்று எழுதியிருக்கிறார். அடுத்த தடவை உப்பைக் குறையுங்கள் சகோதரி. வீட்டுக்காரரின் கோபத்தைக் குறைக்க மட்டும் என்னிடம் பக்குவம் கிடையாது. சொல்லப்போனால், இந்தத் தடவை நான் எழுத உட்கார்ந்ததே கோபத்தைப் பற்றித்தான். அடுப்படி விஷயத்தை அடுத்த இதழில் வைத்துக்கொள்வோம்.

எங்கள் வீட்டுப் பெரியவன் போலீஸ் வேலைக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறான். வயசு இருபத்திரண்டு. ஆறு மாதமாக வீடே அவன் கடிகாரப்படிதான் ஓடுகிறது. காலை நாலரைக்கு அலாரம் அடிக்கும். அவன் எழுந்திருக்கமாட்டான், நான் எழுந்து அவனை எழுப்பவேண்டும். முந்தின ராத்திரி ஊறப்போட்ட கொண்டைக்கடலை, இரண்டு முட்டை, கேழ்வரகுக் கஞ்சி எல்லாம் தயாராக இருக்கவேண்டும். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்பிள்ளைகள் 1,500 மீட்டர் தூரத்தை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்கவேண்டுமாம். உயரம் பொதுவாக 170 சென்டிமீட்டர். மார்பு 81 சென்டிமீட்டர், மூச்சை இழுத்தால் இன்னும் 5 சென்டிமீட்டர் விரியவேண்டும். என் தையல் மெஷின் டிராயரில் இருந்த டேப் இப்போது அவன் மேஜையில் குடியிருக்கிறது. தினம் கண்ணாடி முன்னால் நின்று அளப்பான். பிளஸ் டூ படிக்கும் சின்னவள், "நேத்து அளந்ததுக்கு இன்னிக்கு வளர்ந்துடுமாடா?" என்று கேலி செய்வாள்.

மத்தியானம் சமையல் வேலை முடிந்ததும் அவனுக்குக் கேள்வி கேட்பது என் வேலை. நான் பத்தாவது வரைதான் படித்தேன் என்றாலும், கேள்வி கேட்க என்ன படிப்பு வேண்டும்? விடைதான் கைடில் இருக்கிறதே! முதன்மை எழுத்துத் தேர்வில் 70 கேள்விகள். 45 பொது அறிவு, 25 உளவியல். 'உளவியல்' என்ற வார்த்தையைப் பார்த்ததும் எனக்கு ஒரே சந்தோஷம். பரவாயில்லையே, மனசையும் பார்க்கிறார்களே என்று நினைத்தேன். பக்கத்தைத் திருப்பினால், '2, 6, 12, 20, அடுத்த எண் என்ன?' என்று இருக்கிறது. அதற்கடுத்தது, ஒரு போட்டோவைக் காட்டி 'இவள் என் அம்மாவின் ஒரே மகனின் மகள்' என்று உறவு கண்டுபிடிக்கிற விடுகதை.

"ஏன்டா, இதுல மனசு எங்கேடா இருக்கு?" என்றேன்.

"இது மனத்திறன்மா. எண் கணக்கு, தர்க்கம், தகவலைக் கையாளறது, இதெல்லாம்தான் உளவியல்" என்றான்.

"அப்போ கோபம் வந்தா என்ன செய்வே, பாவப்பட்டவன் வந்து நின்னா எப்படிப் பேசுவேன்னு ஒருத்தரும் உட்காரவெச்சுக் கேக்க மாட்டாங்களா?"

சிரித்தான். அறிவிப்பை நானே வாங்கிப் படித்தேன். எழுத்துத் தேர்வு, அளவு, ஓட்டம், கயிறு ஏறுதல், சான்றிதழ், மருத்துவப் பரிசோதனை, போலீஸ் விசாரணை என்று வரிசையாக இருந்தது. மனநல நிபுணர் ஒருவர் எதிரில் உட்கார்ந்து பேசிப் பார்க்கிற கட்டம் அந்த வரிசையில் என் கண்ணில் படவில்லை. 'நமக்கெதுக்கு' என்று மடித்து வைத்துவிட்டேன்.

அந்த வாரமே அது நடந்தது.

அன்றைக்கு மைதானத்தில் அவனுக்கு 7 நிமிடம் 20 விநாடி ஆகிவிட்டது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தான். அவன் ஓடுகிற ஷூவைச் சின்னவள் கழுவி மாடியில் காயப்போட்டிருந்தாள். "யாரைக் கேட்டு எடுத்தே?" என்றான். "நாத்தம் தாங்கலை, அதான்" என்று அவளும் வாய் கொடுத்தாள். நான் அடுப்பை அணைத்துவிட்டு வருவதற்குள் அவள் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கிவிட்டான். கண்ணாடி வளையல் நொறுங்கி இரண்டு இடத்தில் ஆழமாகக் கிழித்துவிட்டது. தரையெல்லாம் ரத்தம்.

குழாய்த் தண்ணீரில் கையைக் காட்டிக் கழுவி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு டாக்டரிடம் ஓடினோம். (வாசகியர் கவனத்துக்கு: கண்ணாடி கிழித்தால் மஞ்சள்தூளையோ காபித்தூளையோ அள்ளி அப்பாதீர்கள். உள்ளே சில் இருக்கிறதா என்று டாக்டர்தான் பார்க்கவேண்டும்.) டாக்டர், "எப்படிம்மா ஆச்சு?" என்று கேட்டார். சின்னவள் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "கதவு இடுக்குல கை மாட்டிக்கிச்சு டாக்டர்." சாயங்காலம் வீட்டுக்காரர் வந்து கேட்டபோதும் அதே கதவு, அதே இடுக்கு. பையனுக்குப் பரீட்சை நேரம், வீட்டில் ரகளை எதற்கு என்றுதான்.

ராத்திரி படுக்கும்போது சின்னவள் சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "நாளைக்கு இவன் கையில லத்தி இருக்கும்ல அம்மா?"

என்னிடம் பதில் இல்லை. தூக்கமும் வரவில்லை. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில், காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்ட தந்தையும் மகனும் அடுத்தடுத்து உயிரிழந்த செய்தி வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? டி.வி. முன்னால் உட்கார்ந்து, 'அந்த வீட்டுப் பெண்கள் என்ன பாடுபடுவார்களோ' என்று நான் அழுதேன். அடித்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட காவலர்களுக்கும் வீட்டில் ஓர் அம்மா இருப்பாளே என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. இப்போது தோன்றியது.

என் சித்தி மகள் ஒருத்தி அமெரிக்காவில், வாஷிங்டன் மாநிலத்தில் டகோமா என்ற ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பேசுவாள். கூடப் பிறந்தவள் மாதிரி. அவளிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அக்கா, இங்க போலீஸ்ல சேரணும்னா எப்படின்னு உனக்குத் தெரியுமா?" என்று ஆரம்பித்தாள். அவளுடைய பக்கத்து வீட்டுப் பையன் விண்ணப்பம் போட்டிருந்தானாம். பின்னணி விசாரிக்கிறவர் ஒருவர் இவள் வீட்டு வாசலுக்கே வந்து, பையன் அம்மாவிடம் எப்படிப் பேசுகிறான், கோபம் வந்தால் என்ன செய்கிறான், குடிக்கிறானா, நாய் பூனையை வதைக்கிறானா என்றெல்லாம் கேட்டுக் குறித்துக்கொண்டு போனாராம். "கேஸ் இருக்கான்னு மட்டும் இல்லக்கா. ஆள் எப்படின்னு கேட்டாங்க."

அவள் சொன்னதும், பிறகு சின்னவளை விட்டு போனில் தேடிப் படிக்கச் சொன்னதுமாகச் சேர்த்து உங்களுக்கும் சொல்கிறேன்.

போலீஸ் வேலைக்கு வருபவரைப் பரீட்சை வைத்துச் சோதிக்கும் பழக்கம் அங்கே நூறு வருஷத்துக்கு மேல் பழசு. 1916-ல் கலிபோர்னியாவில் சான் ஹோசே என்ற ஊரில், லூயிஸ் டெர்மன் என்ற பேராசிரியர் போலீஸ், தீயணைப்பு வேலைகளுக்கு வந்த 30 பேருக்குப் பரீட்சை வைத்தார். ஆனால் அதுவும் நம் பெரியவனின் கைடு மாதிரிதான். புத்தி எவ்வளவு என்று பார்த்ததே தவிர, குணத்தைப் பார்க்கவில்லை.

குணத்தைப் பார்க்கும் பரீட்சைகளில் பேர் பெற்றது 1943-ல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்திலிருந்து வெளிவந்தது. ஹாத்தவே, மெக்கின்லி என்ற இருவர் ஆஸ்பத்திரி நோயாளிகளின் மனநிலையைக் கண்டறியத் தயாரித்தது. பின்னாளில் போலீஸ் தேர்வுக்கும் வந்துவிட்டது. 1989-ல் திருத்தி வெளியிட்ட பதிப்பில் 567 வரிகள். ஒவ்வொன்றுக்கும் 'ஆம்', 'இல்லை' என்று குறிக்கவேண்டும். எனக்கு ரொம்பப் பிடித்தது, அதற்குள் அங்கங்கே வைத்திருக்கும் ஒரு கண்ணி. 'எனக்குக் கோபமே வராது, நான் பொய்யே சொன்னதில்லை' என்கிற மாதிரி ஒருவர் வரிசையாகக் குறித்துக்கொண்டே போனால், 'ஆகா, உத்தமர்' என்று மார்க் போடமாட்டார்கள். 'இவர் தன்னை அலங்கரித்துக் காட்டுகிறார்' என்று தனியாகக் குறித்துக்கொள்வார்கள். பெண் பார்க்க வந்தவர்களிடம் 'எங்க பையன் அதிர்ந்துகூடப் பேசமாட்டான்' என்று சொல்வோமே, அந்த ரகம்!

1967-ல் ஜனாதிபதி ஜான்சன் அமைத்த குழு ஒன்று, போலீஸ் வேலைக்கு வருபவர்களின் மனநிலையைச் சோதித்துத்தான் எடுக்கவேண்டும் என்று சிபாரிசு செய்தது. அதன்பிறகு ஊர் ஊராக இது பரவியது. கலிபோர்னியாவில் இப்போது சட்டமே இருக்கிறது. உரிமம் பெற்ற, மனநோய்களைக் கண்டறிந்து சிகிச்சை தந்து குறைந்தது ஐந்து வருஷ அனுபவம் உள்ள நிபுணர் பார்த்துச் சொன்னால்தான் வேலை. பத்து குணங்களை வரிசைப்படுத்தி வைத்திருக்கிறார்கள். படபடப்பை அடக்குவது, நெருக்கடியில் நிதானம், நேர்மை, பிறரோடு இணைந்து வேலை செய்வது, பொறுப்பு, குடி போன்ற பழக்கங்களிலிருந்து விலகி இருப்பது எல்லாம் அதில் உண்டு. இனம், மதம், ஆண் பெண் என்று யார் மீதாவது துவேஷம் இருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும் என 2020-ல் சட்டத்தில் சேர்த்தார்கள்.

பரீட்சை என்றாலே சில சமயம் கோணலாகவும் போகும். கனெக்டிகட் மாநிலத்தில் நியூ லண்டன் என்று ஓர் ஊர். 1996-ல் அங்கே ஒருவர் போலீஸ் வேலைக்கான புத்திக்கூர்மைப் பரீட்சை எழுதி 50-க்கு 33 வாங்கினார். 'ரொம்ப அதிகம், வேண்டாம்' என்று சொல்லிவிட்டார்கள்! 20-லிருந்து 27 வரை வாங்கியவர்களைத்தான் கூப்பிட்டார்களாம். புத்தி கூடினவர் சலித்துப்போய் வேலையை விட்டுவிடுவார், பயிற்சிச் செலவு வீண் என்பது அவர்கள் கணக்கு. அவர் வழக்குப் போட்டும் 2000-ல் மேல் கோர்ட் தள்ளிவிட்டது. எங்கள் வீட்டுக்காரர் இதைக் கேட்டுவிட்டு, "நம்ம பையனுக்கு அந்தக் கவலை இல்லை" என்றார். (இந்த ஜோக்கைப் பெரியவனிடம் சொல்லவில்லை.)

ஆனால் நான் சொல்ல வந்தது இதெல்லாம் இல்லை. சித்தி மகள் கடைசியாக, குரலைத் தாழ்த்திச் சொன்ன கதையைத்தான். அவள் இருக்கிற டகோமாவில் நடந்தது.

1981-ல் டேவிட் பிரேம் என்ற இளைஞர் டகோமா போலீசில் சேர விண்ணப்பித்தார். பரிசோதித்த மனநல நிபுணர் ஒருவர் 'பொருத்தமில்லை' என்றார். இன்னொருவரிடம் அனுப்பினார்கள். அவருடைய மதிப்பீடும் நம்பிக்கை தருகிற மாதிரி இல்லை. ஆனாலும் வேலை கொடுத்துவிட்டார்கள். காகிதம் கோப்புக்குள் போய்விட்டது. மனிதர் படிப்படியாக உயர்ந்து, 2002-ல் அந்த ஊர் போலீஸ் இலாகாவுக்கே தலைவராகிவிட்டார்.

அவர் மனைவி கிரிஸ்டல். இரண்டு குழந்தைகள். 2003 பிப்ரவரியில் கிரிஸ்டல் விவாகரத்துக்கு மனு போட்டார். கழுத்தை நெரித்தார், துப்பாக்கியைக் காட்டி மிரட்டினார் என்று அதில் எழுதியிருந்தார். விஷயம் பத்திரிகைக்கு வந்தபோது நகர நிர்வாகம், 'அது அவர் சொந்த விவகாரம்' என்று விலகி நின்றது. நம் ஊர் பாஷையில், 'குடும்ப விஷயம், நாம தலையிடக் கூடாது.' 2003 ஏப்ரல் 26-ம் தேதி, ஒரு கடைவீதியின் கார் நிறுத்துமிடத்தில் அவர் கிரிஸ்டலைச் சுட்டுவிட்டுத் தானும் சுட்டுக்கொண்டு செத்தார். குழந்தைகள் பக்கத்தில்தான் இருந்தார்கள். ஒரு வாரம் உயிருக்குப் போராடி, மே 3-ம் தேதி கிரிஸ்டலும் போய்விட்டார்.

பிறகுதான் எல்லாரும் விழித்துக்கொண்டார்கள். போலீஸ்காரரே வீட்டில் வன்முறை செய்தால் என்ன நடவடிக்கை என்று ஒவ்வொரு போலீஸ் இலாகாவும் எழுதி வைத்திருக்கவேண்டும் என்று 2004-ல் வாஷிங்டன் மாநிலம் சட்டம் போட்டது. 2005-ல் டகோமாவில், வீட்டில் அடிபடும் பெண்களுக்காக ஓர் உதவி மையம் திறந்தார்கள். கிரிஸ்டல் ஜட்சன் என்று அவர் பேரையே வைத்தார்கள். பேர் வைத்தால் பிள்ளைகளுக்கு அம்மா திரும்பி வருவாளா?

சித்தி மகள் சொன்னாள்: "அக்கா, இங்க பரீட்சை இல்லாம இல்ல. பரீட்சை சரியாத்தான் சொல்லுச்சு. கேட்கத்தான் ஆள் இல்ல."

போனை வைத்துவிட்டு ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன் சகோதரிகளே. டகோமாக்காரர்கள் செய்ததைத்தானே நானும் செய்திருக்கிறேன்? எங்கள் வீட்டில் எந்த நிபுணரும் வரவில்லை. சின்னவளின் மணிக்கட்டுதான் பரீட்சைத் தாள். விடை அதில் ரத்தத்தால் எழுதியிருந்தது. 'கதவு இடுக்கு' என்று சொல்லி அந்தத் தாளை மடித்து உள்ளே வைத்தவள் நான்தான். ஒன்றல்ல, யோசித்தால் நிறைய. ஏழாவது படிக்கும்போது கிரிக்கெட் மட்டையால் நாய்க்குட்டியை அடித்தான். 'சின்னப் பையன்' என்றேன். காலேஜில் சட்டை கிழிந்து வந்தான். 'ஆம்பளைப் பிள்ளைன்னா அப்படித்தான்' என்றேன். ஒவ்வொரு தடவையும் தேறாதவனைத் தேறினவன் என்று கையெழுத்துப் போட்டுக்கொடுத்திருக்கிறேன்.

அன்று ராத்திரியே வீட்டுக்காரரிடம் கதவு இடுக்குப் பொய்யை ஒப்புக்கொண்டேன். அவர் கொதித்து எழுந்தார். கையை ஓங்கிக்கொண்டு அவன் அறைக்குப் போகப் பார்த்தார். "அடிச்சா, அடிக்கிறது சரிதான்னு அவனுக்கு நீங்களே சொல்லிக் குடுத்த மாதிரி ஆயிரும். உட்காருங்க" என்றேன். உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததே பெரிது.

மறுநாள் பெரியவனைக் கூப்பிட்டு டகோமா கதையை முழுக்கச் சொன்னேன். "நான் கொலைகாரனாம்மா?" என்று சீறினான். "இல்லடா. உனக்கு ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். அங்க மாதிரி இங்கயும் ஓர் ஆபீசர் நம்ம வாசல்ல வந்து நின்னு, 'அம்மா, உங்க பையனுக்குக் கோபம் வந்தா என்ன செய்வான்?'னு கேட்டா, நான் என்ன சொல்லட்டும்? நீயே சொல்லு. அதையே சொல்லிடுறேன்."

பேசவில்லை. எழுந்து போய்விட்டான். இரண்டு நாள் என்னோடு பேச்சில்லை. மூன்றாம் நாள் காலை கஞ்சியைக் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்தான் (ஆறு மாதத்தில் முதல் தடவை!). "யாரைப் பார்க்கணும்னு சொல்லு, வர்றேன்" என்றான்.

அரசு தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு நானும் கூடப் போனேன். டாக்டர் ஒரு பெண்மணி. என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவனோடு தனியாகப் பேசினார். கடைசியில் என்னையும் கூப்பிட்டு, "கோபம் வர்றது நோய் இல்லம்மா. வந்த கோபத்தை எங்க கொண்டு வைக்கிறதுன்னு தெரியலை, அவ்வளவுதான். அது கத்துக்கிற விஷயம்" என்றார். மாதம் இரண்டு தடவை போகிறான். கோபம் ஏறுவதற்கு முன்னால் உடம்பு எப்படிக் காட்டிக்கொடுக்கும் என்று கவனிக்கச் சொல்லியிருக்கிறார்களாம். அவனுக்குத் தாடை இறுகுமாம், காது சூடாகுமாம். அப்போது அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடவேண்டும். இப்போதெல்லாம் திடீரென்று சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு மாடிக்குப் போவான். நாங்களும் பின்னாலேயே போய் 'என்னடா ஆச்சு?' என்று நச்சரிப்பதில்லை.

'போலீஸ் என்றால் கொஞ்சம் முரட்டுத்தனம் வேண்டாமா?' என்று கேட்பீர்கள். எங்கள் பக்கத்து வீட்டு மதினியும் அதையேதான் கேட்டாள். தைரியம் வேறு, முரட்டுத்தனம் வேறு மதினி என்றேன். கத்தியோடு நிற்பவன் எதிரில் நிதானமாக நிற்பவன் தைரியசாலி. வளையல் போட்ட கையை முறுக்குகிறவன் அல்ல.

இன்னொன்றும் சொல்லவேண்டும். மனச்சோதனை என்பது எப்போதோ மனநோய் வந்து குணமானவரை ஒதுக்கி வைப்பதற்கு இல்லை. கேட்டு உதவி வாங்கிக்கொண்டவர்களை நாம் மெச்சவேண்டும். வேலையில் சேர்ந்த பிறகும் அந்த மனசு அப்படியே இருக்காது. பண்டிகை நாள் பந்தோபஸ்து, தூக்கமில்லாத இரவு, தினம் ஒரு பிணம் என்று பார்க்கிற கண்ணுக்கும் அலுப்பு உண்டல்லவா? நம் வாசகியரில் காவலர் மனைவிமார் நிறையப் பேர். உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. தமிழ்நாட்டில் பெங்களூர் நிம்ஹான்ஸ் துணையோடு காவலர் நிறைவாழ்வுப் பயிற்சி என்று நடத்தினார்கள். அதில் குடும்பத்தாரையும் சேர்த்துக்கொண்டார்கள். அது நல்ல காரியம். வீட்டில் இருப்பவளுக்குத்தானே முதலில் தெரியும்? 2021-ல் காவலர்களுக்கு வார ஓய்வு என்று அரசு உத்தரவு போட்டதும் என்னைக் கேட்டால் மனநல வைத்தியத்தில் சேர்த்திதான்.

சரி, சின்னக் குழந்தை வைத்திருக்கிற தங்கைமார்களுக்கு, என் தப்பிலிருந்து நாலு வார்த்தை:

குழந்தை கீழே விழுந்தால் 'தரைதான் அடிச்சுது, அதை அடி' என்று தரையை அடிக்கச் சொல்லாதீர்கள். வலித்தால் யாரையாவது அடிக்கலாம் என்கிற முதல் பாடம் அங்கேதான் ஆரம்பம். நானும் சொல்லிக் கொடுத்தவள்தான்.

'எனக்குக் கோபமா வருது' என்று வாயால் சொல்லக் கற்றுக்கொடுங்கள். சொல்லத் தெரிந்த குழந்தைக்குக் கையை ஓங்கவேண்டிய அவசியம் குறையும்.

அண்ணன் தங்கையை அடித்தால், 'நீ ஏன் அவன்கிட்ட போனே?' என்று அவளைக் கேட்காதீர்கள். அடித்தவனைக் கேளுங்கள். அடிபட்டவளுக்கு முதலில் மருந்து, அப்புறம் நியாயம். இரண்டும் வேண்டும்.

பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது சம்பளத்தையும் சீருடையையும் பார்க்கிற நாம், அந்த வீட்டுத் தங்கை, வேலை செய்யும் அம்மா, தெருநாய் இவர்களிடம் அவர் எப்படி நடந்துகொள்கிறார் என்றும் விசாரிப்போம். அதைவிடப் பெரிய உளவியல் தேர்வு எந்த ஆணையத்திடமும் இல்லை.

மனசு பாரமாக இருந்தால் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணுக்குப் போன் செய்து பேசலாம்; காசு கிடையாது, தமிழிலும் பேசுவார்கள். வீட்டில் அடி, மிரட்டல் என்றால் பெண்களுக்கு 181 இருக்கிறது. அலமாரிக் கதவின் உள்பக்கம் எழுதி ஒட்டி வையுங்கள்.

பெரியவன் போன வாரம் கடைவீதிக்குப் போய்ச் சின்னவளுக்கு ஒரு டஜன் கண்ணாடி வளையல், பச்சையும் சிவப்புமாக, வாங்கிக்கொண்டு வந்தான். "மன்னிச்சிடு" என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. டப்பாவை அவள் மேஜையில் வைத்துவிட்டு நின்றான். அவள் திறந்து பார்த்தாள். "அழகா இருக்குடா" என்றாள். அவன் முகம் மலர்ந்தது. "ஆனா இப்போ போட்டுக்க மாட்டேன். ஆறு மாசம் போகட்டும். அதுவரைக்கும் நீ எப்படி இருக்கேன்னு பார்த்துட்டுப் போட்டுக்கிறேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே தொண்டை அடைத்தது. பெரியவன் ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் மாடிக்குப் போனான். பத்து நிமிடம் கழித்து இறங்கி வந்து, "சரி, ஆறு மாசம்" என்றான்.

வளையல் டப்பா இப்போது சாமி அலமாரியில் இருக்கிறது. அளவு டேப் என் தையல் மெஷின் டிராயருக்குத் திரும்பிவிட்டது. 1,500 மீட்டரை அவன் 6 நிமிடம் 50 விநாடியில் ஓடிவிட்டான். எழுத்துத் தேர்வு நன்றாக எழுதி வேலை கிடைத்தால் எல்லோரையும்விட நான்தான் அதிகம் சந்தோஷப்படுவேன். ஆனால் அதற்குள் யாராவது வாசலில் வந்து நின்று, "பையன் எப்படிம்மா?" என்று கேட்டால், இந்தத் தடவை கதவு இடுக்குக் கதை சொல்வதாக இல்லை. "உள்ளே வாங்க சார், அவன் தங்கச்சியைக் கேளுங்க" என்று சொல்லப்போகிறேன்.

அடுத்த இதழில் நாரத்தங்காய் ஊறுகாய். உப்பு அளவோடு.